ரேந்தைக் கணக்கு

கைவேலை தெரிந்த பெண்ணுக்கு வழக்கமாக ஒரு பாராட்டு கிடைக்கும்: "சும்மா இருக்கிற நேரத்தில் எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறாய்!" பாராட்டுக்குள்ளேயே விலைக்குறைப்பும் ஒளிந்திருக்கிறது. சும்மா இருந்த நேரத்தில் செய்ததற்குக் கூலி எதற்கு? ஆரி வேலை, க்ரோஷே, எம்பிராய்டரி என்று வீட்டு மூலையில் தொடங்கி விற்பனைக்கு வரும் பெண்கள் எல்லோரும் இந்தக் கேள்வியைச் சந்திக்கிறார்கள். இந்தக் கேள்வி இன்று பிறந்ததல்ல. குமரி மாவட்டத்தில் அதற்கு இருநூறு ஆண்டு வரலாறு உண்டு.

1819ஆம் ஆண்டு லண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியராக சார்லஸ் மால்ட் நாகர்கோவிலுக்கு வந்தார். உடன் வந்தவர் அவர் மனைவி மார்த்தா. அப்போது அந்தப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்பகுதி. அங்கிருந்த பெண்கள் விடுதிப் பள்ளியில் எழுத்தோடு ரேந்தை பின்னுவதையும் மார்த்தா கற்றுக்கொடுத்தார். ரேந்தை என்பது லேஸ். போர்த்துக்கீசியரிடமிருந்து தமிழுக்கு வந்த சொல். கெட்டியான திண்டு ஒன்றின்மேல் துளையிட்ட மாதிரி அட்டையை வைத்து, துளைகளில் குண்டூசி குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை இணை இணையாக மாற்றியும் முறுக்கியும் பின்ன வேண்டும். ஒரு சாண் நீளம் பின்னுவதற்கே மணிக்கணக்கில் கண்ணும் விரலும் ஓயாமல் உழைக்க வேண்டும். இங்கிலாந்திலும் இது ஏழைப் பெண்களின் பிழைப்பாகவே இருந்தது. அணிந்தவர்கள்தான் சீமாட்டிகள்.

அந்தப் பள்ளியில் படித்தவர்கள் யார்? பெரும்பாலும் நாடார் சமூகத்துச் சிறுமிகள். அவர்களோடு அடிமைச் சாதிகளிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். உழைப்பு அவர்களுக்குப் புதிதல்ல. பனை ஏறுவது ஆண் என்றால், பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி வார்த்தது பெண். புதிதாக வந்தது காசு. பின்னிய ரேந்தை ஐரோப்பியக் குடும்பங்களுக்கு விற்கப்பட்டது. அந்த வருமானம் பள்ளியை நடத்த உதவியது; பின்னியவர்களுக்கும் கூலி கிடைத்தது. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். அதற்கு முன்பே, அடிமைகளாகப் பிறந்த சிறுமிகள் சிலர் ரேந்தைக் காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை வாங்கியதை மிஷன் பதிவுகள் சொல்கின்றன. 'பொழுதுபோக்கு' என்று நாம் இலேசாகச் சொல்லும் வேலை ஒரு பெண்ணின் உடலையே மீட்டிருக்கிறது.

இதே ஊரில், இதே ஆண்டுகளில்தான் தோள்சீலைப் போராட்டமும் நடந்தது. நாடார் பெண்கள் மேலாடை அணிந்ததற்காகச் சந்தையிலும் தெருவிலும் தாக்கப்பட்டார்கள். அவர்களின் துணி கிழிக்கப்பட்டது. 1829ஆம் ஆண்டு அரசாணை அவர்களுக்குக் குப்பாயத்தை அனுமதித்தது, தோள்சீலையை மறுத்தது. 1859இல் வந்த ஆணைகூட, உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. வெள்ளைக்காரச் சீமாட்டியின் கழுத்துப்பட்டிக்குப் பூவேலை பின்னிய பெண்ணுக்குத் தன் தோளில் ஒரு துண்டுத் துணி போட உரிமையில்லை. கையில் திறமையும் காசும் இருந்தாலே மதிப்பு தானாக வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. மிஷன் இந்தச் சிறுமிகளை நல்ல மனைவியராக, நல்ல தாய்மாராக ஆக்கவே விரும்பியது. தையலும் ரேந்தையும் அந்த இலட்சியத்துக்குப் பொருந்தும் 'பெண்மையான' வேலைகள். எந்த மாதிரியைப் பின்னுவது, யாருக்கு விற்பது, என்ன விலை வைப்பது என்பதெல்லாம் பின்னிய கைகளுக்கு எட்டாத இடத்தில் முடிவாயின. அவற்றை முடிவு செய்த மிஷனரி மனைவிக்கும் சங்கத்தில் தனிப் பதவியோ சம்பளமோ கிடையாது, பதவி கணவனுக்கு. ஒரு தொழிலையே நடத்திய பெண், ஏட்டில் ஒருவரின் மனைவி மட்டுமே.

மார்த்தாவின் மகள் எலைசா 1822இல் பிறந்தவர். தமிழ்ச் சூழலில் வளர்ந்தவர். 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்று, அங்கும் பெண்களுக்குப் பள்ளி நடத்தி ரேந்தை கற்பித்தார். 1856இல் வெளிவந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் நம் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. இடையன்குடிப் பெண்களின் ரேந்தை அவற்றில் இல்லை.

அடுத்த நூற்றாண்டில் கதை எப்படித் தொடர்ந்தது என்பதை ஆந்திரத்தின் நரசாப்பூர் காட்டுகிறது. கோதாவரி டெல்டாவின் அந்தப் பகுதிக்கும் ரேந்தையைக் கொண்டுவந்தவர்கள் மிஷனரிகள்தான். பின்னர் அது பெரிய ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கு ஆய்வு செய்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். ஏஜெண்டுகளும் வியாபாரிகளும் ஏற்றுமதியாளர்களும் பெரும்பாலும் ஆண்கள். வீட்டில் உட்கார்ந்து பின்னிய ஆயிரக்கணக்கான பெண்களோ 'இல்லத்தரசிகள்'. அவர்கள் செய்தது ஓய்வுநேர வேலை என்று சொல்லப்பட்டதால் கூலியை அடிமட்டத்தில் வைக்க முடிந்தது. தொழிலாளர் சட்டமும் அவர்களை எட்டவில்லை. வீட்டுவேலை முடித்த பிறகும் பல மணிநேரம் பின்னியவளுக்கு ஓய்வு எங்கே இருந்தது? தொழில் வளர்ந்தது, பின்னியவள் வளரவில்லை.

இதைப் படிக்கும் நம்மில் சிலர் ஏற்கெனவே விற்கிறோம். சிலர் விற்கலாமா என்று யோசிக்கிறோம். நூலுக்கும் மணிக்கும் ஆன செலவை எழுதிவைக்கும் நாம், செலவான மணிநேரத்தை எழுதுவதில்லை. "தெரிந்தவர்கள்தானே" என்று விலையை நாமே குறைக்கிறோம். பணம் வீட்டுச் செலவில் கரைந்துபோகிறது. கணக்கு இன்னொருவர் கைக்குப் போகிறது. இது நம் தனிப்பட்ட கூச்சம் மட்டுமல்ல, பழக்கப்படுத்தப்பட்ட கூச்சம். நாகர்கோவில் சிறுமி தன் விடுதலைக்கு எவ்வளவு வேண்டும் என்று அறிந்திருந்தாள். அந்தத் தொகையை நோக்கிப் பின்னினாள். நம் ஒரு மணிநேரத்துக்கு என்ன விலை என்பதை நாமும் அறிந்திருக்க வேண்டும். கணக்குநோட்டின் முதல் வரியில் அதை எழுதிவிட்டு, நூலின் விலையை அதற்குக் கீழே எழுதுவோம்.