பேரரசர் மூன்றாம் பிரடெரிக்கின் தொண்டைக் குழாய் (1888)

செருமனிய வரலாற்றில் 1888 ஆம் ஆண்டு ‘மூன்று பேரரசர்களின் ஆண்டு’ எனப்படும். நடுவில் வந்த மூன்றாம் பிரடெரிக் 99 நாள்களே ஆண்டார். வகுப்பறையில் நான் அவரை ஒரே வரியில் கடந்துவிடுவேன். ஆனால் அந்த நாள்களையும் அவருக்குத் தந்தது கழுத்தில் பொருத்தப்பட்ட ஒரு சிறு குழாய்தான்.

பட்டத்து இளவரசராக இருந்த அவருக்கு 1887 தொடக்கத்தில் குரல் கம்மியது. குரல்நாணில் வளர்ந்தது புற்றுநோயே எனக் கருதிய பெர்க்மன் முதலிய மருத்துவர்கள், மே மாதத்தில் குரல்வளையைத் திறந்து அதை அகற்ற ஆயத்தமாயினர். இலண்டனிலிருந்து அழைக்கப்பட்ட மொரெல் மெக்கன்சி, முதலில் திசுவைச் சோதிக்க வேண்டும் என்றார். புகழ்பெற்ற நோயியலாளர் விர்ச்சோ அத்திசுவில் புற்றுநோயைக் காணவில்லை, அறுவை கைவிடப்பட்டது. மெக்கன்சி கேட்டது முறையானதே. ஆனால் எடுத்த சிறு துணுக்கில் நோய் இல்லையென்றால் தொண்டையிலேயே இல்லை என்று பொருளாகாது.

நவம்பரில் இத்தாலியின் சான் ரெமோவில் நோய் உறுதியானது. குரல்வளையை முழுவதுமாக நீக்கும் அறுவையை பில்ரோத் 1873 இலேயே செய்திருந்தார். இளவரசர் அதற்கு இசையவில்லை. கட்டி வளர்ந்து மூச்சு திணறவே, 1888 பிப்ரவரி 9 அன்று பெர்க்மனின் உதவியாளர் பிராமன் அடைப்புக்குக் கீழே மூச்சுக்குழாயில் துளையிட்டுக் குழாய் பொருத்தினார். நோயைத் தீர்க்க அன்று, மூச்சுவிட மட்டுமே இந்த வழி.

மார்ச் 9 அன்று தந்தை இறக்க, பேச இயலாத பேரரசர் காகிதத் துண்டுகளில் எழுதியே ஆட்சி நடத்தினார். ஏப்ரலில் குழாயை மாற்றும்போது பெர்க்மன் காயப்படுத்தினார் என்று மெக்கன்சி குற்றஞ்சாட்டினார். செருமனிய மருத்துவர்களோ மெக்கன்சியைச் சாடினர். சூன் 15 அன்று பிரடெரிக் மறைந்த பிறகும் இச்சண்டை அச்சில் தொடர்ந்தது.

கழுத்துத் துளை, அடைப்பு குரல்வளையில் இருந்தால் உதவும். நுரையீரலுக்குப் பிரியும் கிளைக்குழாய்களில் இருந்தால் உதவாது. பிரைபர்க்கில் கில்லியான் 1897 இல் வாய்வழியே விறைப்பான குழாயைச் செலுத்திக் கிளைக்குழாயில் சிக்கிய எலும்பை எடுத்தார். அவ்வழியே பின்னாளில் லேசரால் கட்டியைக் கரைக்கவும் முடிந்தது. பிரான்சின் மார்சேய் நகர மருத்துவர் துய்மோன், சுருங்கிய பகுதியை விரித்துத் தாங்கும் சிலிக்கோன் குழாயை 1990 இல் அறிமுகப்படுத்தினார். வெளிப்புறம் சிறு முனைப்புகள் கொண்ட அது ‘துய்மோன் ஸ்டென்ட்’ எனப்படுகிறது. இடம் நகர்வதும் சளி அடைப்பதும் இதற்கும் உள்ள தொல்லைகள்.