வாப்பாட சீ.ஈ. 100க்கு எந்த ஷொக் எப்சோபர்?



போன வாரம் பேராதனைப் பாலத்தடியில் பழைய மாணவர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "ஸேர், வாப்பாட சீ.ஈ. 100க்கு ஷொக் எப்சோபர் மாத்தணும். பஞ்சிகாவத்தையில ஜப்பான்ல கழட்டினது எடுக்கவா, புதுசு வாங்கவா?" சரித்திரம் படிப்பிக்கிறவனிடம் கேட்டால் பதிலும் அங்கிருந்துதான் தொடங்கும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820களில் வெட்டப்பட்ட கொழும்பு - கண்டி வீதியில் 1832இல் குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. (அந்தக் காலத்தில் நம்ம பாலம் ஆணியே இல்லாமல் முதிரை மரத்தால் கட்டப்பட்ட ஒரே வளைவு. 1905 வரை நின்றது.) அக்காலத்து வண்டிகளுக்கு அடுக்குத் தகட்டு ஸ்பிரிங். தகடுகள் ஒன்றோடொன்று உரசுவதால் துள்ளல் தானாகவே அடங்கிவிடும். வேகமும் குறைவு, அதனால் வேறொன்றும் தேவைப்படவில்லை.

மோட்டார் கார் வந்ததும் அது போதாமல் போனது. 1900களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் உராய்வுத் தட்டு வைத்துப் பார்த்தார். பிரான்சில் ஹூடாய் எண்ணெயைப் பயன்படுத்தினார். இன்றைய குழாய் வடிவமும் அதே எண்ணெய்த் தத்துவம்தான். குழிக்குள் விழும் அடியைத் தாங்குவது ஸ்பிரிங். அதன்பின் ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் ஷொக்கின் வேலை. பிஸ்டன் எண்ணெயைச் சிறு துவாரங்களால் தள்ளுகிறது, துள்ளலின் சக்தி சூடாக மாறிப் போய்விடுகிறது. பெயர்தான் தப்பு. பிரித்தானியர் 'டாம்பர்' என்பதே பொருத்தம்.

வேகமாக அசையும்போது எண்ணெய் நுரைத்துப் பிடி விடும். 1950களில் பிரெஞ்சுக்காரரான டி கார்பன் நைதரசன் வாயுவை அழுத்தி அடைத்து அதற்கு வழி கண்டார். பில்ஸ்டைன் கம்பனி 1957இல் மேர்சிடிஸுக்கு அதைக் கொடுத்தது. நம்ம பாஸ்மார் 'காஸ் ஷொக்' என்பது இதன் வாரிசு. கே.வை.பி. என்று பெட்டியில் பார்க்கிறோமே, அது கயாபா ஷிரோ 1919இல் தொடங்கியது. விமானச் சக்கரங்களுக்கான எண்ணெய்த் தாங்கிகள் செய்தவர்கள், யுத்தத்துக்குப் பின் வாகனப் பக்கம் வந்தார்கள்.

இங்கே ஏன் இவ்வளவு டீசல் கொரோலா? 1977இல் பொருளாதாரம் திறந்தது, ஜப்பான் ரீகண்டிஷன் வாகனங்கள் வந்து குவிந்தன, டீசலும் மலிவு. சீ.ஈ. என்பதில் 'ஈ' கொரோலா, 'சீ' டீசல் எஞ்சின் வகை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்குத் திறந்தது 2025 பெப்ரவரியில். அதற்கிடையில் 2022இல் டொலர் 200 ரூபாயளவிலிருந்து 360 வரை ஏறியது, டீசல் லீற்றர் 460 ரூபாய். வேறு கார் எடுக்க வழியில்லாத குடும்பங்கள் முப்பது வருஷக் காரையே பராமரித்து ஓட்டின. நாங்களும்தான்.

இனி கேள்விக்கு வருவோம். கழட்டின ஷொக்கை நான் ஒருமுறை வாங்கினேன். பளபளவென்று இருந்தது, இரண்டு மாதத்தில் எண்ணெய் கசிந்தது. பெற்றோலால் கழுவினால் கசிவு தெரியாது. நனைந்த தானியத்தை அடியில் வைத்து விற்ற வியாபாரியின் சம்பவம் எல்லோருக்கும் தெரியும்தானே. உள்ளே வால்வு எவ்வளவு தேய்ந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. கடுகண்ணாவை இறக்கத்தில் மழைநாளில் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் வீதியைவிட்டுத் துள்ளினால் பிரேக் என்ன செய்யும்? பின் சீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள். ஆகவே என் பதில் புதுசு. காசு போதாவிட்டால் முதலில் முன் இரண்டையும், பிறகு பின் இரண்டையும் மாற்றுங்கள். ஒற்றையாக ஒருபோதும் வேண்டாம்.

சேசி நம்பரைக் காட்டி வாங்குங்கள். டீசல் எஞ்சினின் வார்ப்பிரும்பு புளொக் பாரம் கூடியது, பெற்றோல் கொரோலாவின் முன் ஷொக் பொருந்துவதுபோல் தெரிந்தாலும் எடுக்க வேண்டாம். மேல் மவுண்ட் ரப்பரையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்பிரிங்கை அழுத்தும் கருவி இல்லாத கராஜில் மேல் நட்டைக் கழட்ட விடாதீர்கள், ஸ்பிரிங் பாய்ந்தால் ஆளுக்கே ஆபத்து. மாற்றியதும் வீல் எலைன்மென்ட் செய்யுங்கள்.

வாப்பாவுக்கு என் ஸலாம் சொல்லுங்கள்.