பாங்கர் கான்வி மோன்: வேல்ஸ் நாடாளுமன்றத்தின் ஆறு உறுப்பினர் தொகுதி

பாங்கர் கான்வி மோன் என்பது, வேல்ஸ் நாட்டின் சட்டமன்றமாகிய செனெத்துக்கு ஆறு உறுப்பினர்களைத் தேர்ந்தனுப்புவதற்காக வடமேற்கு வேல்சில் அமைக்கப்பட்ட பல்லுறுப்பினர் தொகுதியாகும். ஆங்கிலத்தில் ஆங்கில்சி எனப்படும் மோன் தீவு முழுவதும், மெனாய் நீரிணையின் எதிர்க்கரையிலுள்ள பல்கலைக்கழக நகரமான பாங்கரும், கிழக்கே கான்வி ஆற்றுப் பள்ளத்தாக்கும் லான்டிட்னோ கடற்கரையும் இதில் அடங்கும். 2026 மே 7 ஆம் நாளுக்குக் குறிக்கப்பட்ட தேர்தல் முதல் நடைமுறைக்கு வரும் பதினாறு புதிய தொகுதிகளுள் ஒன்றான இதில், வாக்காளர்கள் ஏறத்தாழ ஒரு லட்சத்து இருபதாயிரம் பேர் உள்ளனர்.

1999 இல் அறுபது உறுப்பினர்களோடு தொடங்கிய செனெத், சட்டமியற்றும் அதிகாரமும் வரி தொடர்பான அதிகாரமும் படிப்படியாக வளர்ந்த பின்னரும் அதே எண்ணிக்கையிலேயே இயங்கிவந்தது. அமைச்சர்களைக் கழித்தால், அரசைக் கேள்வி கேட்கவும் சட்ட வரைவுகளை வரிவரியாகப் படித்துப் பார்க்கவும் எஞ்சியோர் மிகச் சிலரே என்ற கவலை நெடுங்காலமாக எழுப்பப்பட்டது. 2004 இல் ரிச்சர்ட் ஆணையமும், 2017 இல் பேராசிரியர் லாரா மெக்காலிஸ்டர் தலைமையிலான வல்லுநர் குழுவும் உறுப்பினர் எண்ணிக்கையை உயர்த்தப் பரிந்துரைத்தன. மூன்றில் இரு பங்கு ஆதரவு தேவைப்பட்ட சீர்திருத்தச் சட்டவரைவை 2024 மே 8 அன்று 43 பேர் ஆதரிக்க, 16 பேர் எதிர்த்தனர். அடுத்த மாதமே அரச ஒப்புதல் பெற்ற அச்சட்டத்தால் உறுப்பினர் எண்ணிக்கை 96 ஆகவும், அவையின் ஆயுட்காலம் ஐந்தாண்டிலிருந்து நான்காண்டாகவும் மாறின.

புதிய தொகுதிகளை வரையும் பணி வேல்ஸ் சனநாயக, எல்லை ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. லண்டன் நாடாளுமன்றத்துக்கென 2024 இல் நடைமுறைக்கு வந்த 32 வேல்ஸ் தொகுதிகளை, எல்லைகளில் கை வைக்காமல், அடுத்தடுத்துள்ள இரண்டிரண்டாக இணைப்பதே அதற்கு விதிக்கப்பட்ட வேலை. பிற இடங்களில் எதை எதனோடு சேர்ப்பது என்று வாதிட இடமிருந்தது. மோனுக்கோ அத்தகைய தெரிவு அறவே இல்லை. தாமஸ் டெல்ஃபோர்ட் கட்டி 1826 இல் திறக்கப்பட்ட மெனாய் தொங்கு பாலமும், ராபர்ட் ஸ்டீபன்சன் ரயிலுக்காக அமைத்து 1850 இல் திறக்கப்பட்டு, 1970 ஆம் ஆண்டுத் தீவிபத்துக்குப் பின் மேல்தளத்தில் சாலையும் பெற்ற பிரிட்டானியா பாலமும் பாங்கர் நகரை ஒட்டியே பெருநிலத்தைத் தொடுகின்றன. ஆகவே தீவின் துணை பாங்கர் அபெர்கான்வி தொகுதியாகவே இருக்க முடிந்தது. 2025 மார்ச்சில் ஆணையம் தன் இறுதி முடிவை வெளியிட்டது. பதினாறு தொகுதிகளுக்கும் வேல்சு மொழிப் பெயர் மட்டுமே சூட்டப்பட்டிருப்பது அம்மொழிக்குக் கிடைத்த மதிப்பாகக் கொள்ளத்தக்கது.

இவ்விணைப்பில் உற்று நோக்க வேண்டிய ஒன்று உண்டு. லண்டன் நாடாளுமன்றத் தேர்தலைப் பொறுத்தவரை, வாக்காளர் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் மோன் தீவு தனித் தொகுதியாகவே நீடிக்க வேண்டும் என்று 2020 ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு அளித்திருக்கிறது. தன் சொந்த நாட்டு அவையில் அதே தீவுக்கு அந்தத் தனி இடம் இல்லாமல் போனது. 1999 முதல் ஒரே உறுப்பினரை அனுப்பி, அவரைத் தன் குரலாகவே கருதிவந்த தீவுக்கு இது சிறிய இழப்பன்று. பெருநிலத்திலும் பழைய உறவு ஒன்று அறுந்தது: செனெத்தின் முந்தைய ஆர்வான் தொகுதியில் பாங்கரோடு சேர்ந்திருந்த கேர்னார்வன் நகரம் இப்போது குவினெத் மால்ட்வின் என்ற வேறொரு தொகுதிக்குச் சென்றுவிட்டது.

முன்னர் ஒவ்வொரு வாக்காளரும் இரண்டு வாக்குகள் அளித்தனர். ஒன்று தொகுதி உறுப்பினருக்கும், மற்றொன்று வட வேல்ஸ் வட்டாரத்துக்குரிய நான்கு கூடுதல் இடங்களுக்கும் உரியவை. இனி ஒரே வாக்குதான். அதுவும் ஒரு கட்சியின் பட்டியலுக்கோ சுயேச்சை வேட்பாளருக்கோ அளிக்கப்படும். ஒரு கட்சி எட்டுப் பேர் வரை வரிசைப்படுத்தி நிறுத்தலாம்; அந்த வரிசையை மாற்றும் உரிமை வாக்காளருக்கு இல்லாததால் இது மூடிய பட்டியல் முறை எனப்படுகிறது. இடங்களைப் பங்கிடப் பெல்ஜிய நாட்டவரான விக்டர் டி ஹோண்ட் வகுத்த கணக்கு பயன்படுகிறது. ஒவ்வொரு கட்சியின் வாக்குகளையும், அது அதுவரை வென்ற இடங்களோடு ஒன்றைக் கூட்டி வரும் எண்ணால் வகுத்து, அப்போது யாருடைய ஈவு பெரிதோ அவருக்கே அடுத்த இடத்தை அளிப்பது அதன் முறை. எடுத்துக்காட்டாக, நான்கு கட்சிகள் முறையே 30,000, 24,000, 18,000, 9,000 வாக்குகள் பெற்றதாகக் கொண்டால், முதல் மூன்று இடங்கள் முதல் மூன்று கட்சிகளுக்குச் செல்லும்; பின்னர் 15,000 என்ற ஈவால் முதல் கட்சியும், 12,000 என்ற ஈவால் இரண்டாம் கட்சியும், 10,000 என்ற ஈவால் மீண்டும் முதல் கட்சியும் எஞ்சிய இடங்களைப் பெறும். ஒன்பதில் ஒரு பங்கு வாக்கு பெற்ற நான்காம் கட்சி வெறுங்கையோடு திரும்பும். விகிதாசார முறை எனப்பட்டாலும், ஆறே இடங்கள் கொண்ட தொகுதியில் சிறு கட்சி ஏற வேண்டிய படி உயரமானதே என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

உறுப்பினர் ஒருவர் விலகினாலோ இறந்தாலோ இடைத்தேர்தல் நடைபெறாது. பட்டியலில் அடுத்திருப்பவர் அவ்விடத்துக்கு வருவார். பட்டியல் தீர்ந்துவிட்டால் இடம் காலியாகவே கிடக்கும். மக்கள் ஒரு தனிமனிதரைப் பெயர் சொல்லி நீக்கும் வழியை மூடிய பட்டியல் முறை அடைத்துவிடுகிறது என்ற கண்டனம் நியாயமானது. வாக்காளர் தரவரிசை இடும் ஒற்றை மாற்று வாக்கு முறையையே மேலே கூறிய ரிச்சர்ட் ஆணையமும் மெக்காலிஸ்டர் வல்லுநர் குழுவும் விரும்பின என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

அரசியல் வரலாற்றில் இத்தொகுதியின் பகுதிகள் ஒரே வண்ணத்தவை அல்ல. மோன் தீவு செனெத்துக்கு வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரியின் உறுப்பினரையே தொடர்ந்து அனுப்பியது. 1999 முதல் இயன் வின் ஜோன்சும், 2013 இடைத்தேர்தல் முதல் பின்னாளில் கட்சித் தலைவரான ரின் ஆப் இயோர்வெர்த்தும் அவ்விடத்தில் இருந்தனர். ஆர்வானும் அக்கட்சியின் பக்கமே நிற்க, செனெத்தின் முந்தைய அபெர்கான்வி தொகுதி 2011 முதல் கன்சர்வேட்டிவ் கட்சியின் வசமிருந்தது. மொழி நிலையும் அவ்வாறே: 2021 கணக்கெடுப்பில் வேல்சு மொழி பேசத் தெரிந்தோர் மோனில் 55.8 விழுக்காடாக இருக்க, கான்வி மாவட்டத்தில் 25.9 விழுக்காடாகவே இருந்தனர்.

பொருளாதாரத்தில் இரு கரைகளின் கவலைகளும் வேறானவை. லான்டிட்னோவும் கான்விக் கோட்டை நகரமும் சுற்றுலாவை நம்பியிருக்க, பெத்தெஸ்தா என்ற ஊர் 1900 முதல் 1903 வரை நீண்ட பென்ரின் கற்பலகைச் சுரங்க வேலைநிறுத்தத்தின் நினைவை இன்னும் சுமக்கிறது. தீவில் டப்ளின் நகருக்குக் கப்பல்கள் புறப்படும் ஹோலிஹெட் துறைமுகமும், 2015 இல் மின்னாக்கத்தை நிறுத்திய வில்வா அணுமின் நிலையமும் வேலைவாய்ப்பின் நடுவில் நிற்கின்றன. சிறு அணுவுலைகள் நிறுவ வில்வா தேர்ந்தெடுக்கப்பட்டதாகப் பிரித்தானிய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. இரு கரைக்கும் பொதுவான கவலை பாலங்களே. பாதுகாப்புக் காரணத்தால் 2022 அக்டோபரில் தொங்கு பாலம் திடீரென மூடப்பட்டு, 2023 பிப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த மாதங்களில் தீவின் சாலைப் போக்குவரத்து முழுவதும் பிரிட்டானியா பாலம் ஒன்றையே நம்பியிருந்தது.