கேட்பவர் யார்?

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்ததால் எனக்குக் கிடைத்த நல்ல நூல்களில் ஒன்று, அப்தெல்மாலெக் சயாத் எழுதிய 'இரட்டை இன்மை'. அவர் மறைந்த மறு ஆண்டு, 1999-இல், பியேர் பூர்தியுவின் முன்னுரையோடு வெளிவந்தது.

சயாத் 1933-இல் அல்ஜீரியாவின் கபிலிப் பகுதியில் பிறந்தவர். பிரான்சுக்குப் பிழைக்கப் போன தன் நாட்டுத் தொழிலாளிகளிடம் பேசிப் பேசி எழுதினார். விடுமுறைக்கு ஊர் திரும்புகிறவர்கள் அங்கே பட்ட பாட்டைச் சொல்வதில்லை. பகட்டைப் பார்த்து அடுத்தவனும் கப்பலேறுகிறான். கபிலி மொழியிலேயே ஒருவர் மனம்விட்டுச் சொன்ன இதை 1975-இல் சயாத் வெளியிட்டார்.

அவரிடம் ஏன் சொன்னார்கள்? அதே மண், அதே மொழி. அவரும் ஊரை விட்டு வந்தவர். ஆனால் படித்தவர், கேள்வி கேட்பவர் என்ற தூரமும் இருந்தது. அரசு அலுவலகத்தில் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு இது புரிகிறது. படிவத்தோடு கேட்பவருக்கு ஒரு பதில், பக்கத்து வீட்டுக்காரருக்கு வேறு பதில்.

பிரான்சு 'குடியேறியவர்' என்கிறது. சொந்த ஊர் 'வெளியேறியவர்' என்கிறது. ஆள் ஒருவர்தான். எந்தக் கரையில் நின்று கேட்கிறோம் என்பதை ஆய்வாளர் முதலில் யோசிக்க வேண்டும்.

நம் ஊருக்கும் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வருகிறார்கள். 'சௌக்கியமா?' என்றால் 'சௌக்கியம்' என்பார்கள். அதற்கு மேல் அவர்கள் சொல்ல, கேட்பவர் யாராக இருக்க வேண்டும்?