குணமாக்கும் சபை: நிகோபார்த் தீவுகளில் திருச்சபையும் உடல்நலமும்

தமிழகத்தில் திருச்சபைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள உறவைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் மருத்துவமனைகளின் வரலாற்றையே எழுதியிருக்கின்றனர். 1838இல் இலண்டன் மிஷன் சங்கம் நெய்யூரில் தொடங்கிய மருத்துவப் பணியும், 1900இல் ஐடா ஸ்கடர் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிறு மருந்தகமும் அவ்வரலாற்றின் தூண்களாக நிற்பதால், மருத்துவரும் கட்டடமும் இல்லாத இடத்தில் சபை உடல்நலத்துக்கு என்ன செய்தது என்ற கேள்வி அதிகம் எழுப்பப்படவில்லை. 1964இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் கூடிய மிஷன் மருத்துவர்களும் இறையியலாளர்களும் இந்தக் கேள்வியையே முன்வைத்தனர். நோய் தீர்க்கும் பணி பயிற்சி பெற்ற மருத்துவருக்கு மட்டும் உரியதன்று, ஒன்றுகூடி வழிபடும் ஊர்ச்சபை முழுவதுக்கும் உரியது என்பது அவர்களின் நிலைப்பாடு. அதுவே 'குணமாக்கும் சபை' என்ற கருத்தாக வளர்ந்தது. அந்தச் சொல் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, பெரிய மிஷன் மருத்துவமனை எதுவும் எழாத கார் நிகோபார்த் தீவில், அதன் பொருள் சபை வாழ்க்கையாக உருவாகிவந்ததை இக்கட்டுரை ஆராய்கிறது.

நிகோபாரில் கிறிஸ்தவப் பணியின் தொடக்கம் ஒரு மருத்துவத் தோல்வியாகவே அமைந்தது. டேனிஷ் ஆட்சிக்குட்பட்ட தரங்கம்பாடியிலிருந்து 1768இல் புறப்பட்ட மொராவிய சகோதர சபையார் நங்கவுரித் தீவில் குடியேறி, ஏறத்தாழ 20 ஆண்டுகள் அங்கே தங்கியிருந்தனர். கைத்தொழிலால் தம்மைத் தாமே காப்பாற்றிக்கொண்டு நற்செய்தி சொல்வது அவர்களின் வழக்கம். ஆனால் காய்ச்சல் அவர்களை ஒருவர்பின் ஒருவராக வீழ்த்தியது. தீவிலேயே இறந்தோர், நோயுற்றுத் தரங்கம்பாடிக்குத் திரும்பிய சில காலத்தில் இறந்தோர் என இருபதுக்கும் மேற்பட்டோரை அந்தச் சிறு குழு இழந்தது. 1779 முதல் அங்கிருந்து, இறுதியில் குடியிருப்பை மூடிவிட்டு வந்த ஹென்சல் என்பவரின் கடிதங்கள் 1812இல் இலண்டனில் நூலாக வெளிவந்தன. நிகோபாரின் பழைய வாழ்வை அறிய விரும்புவோர் இன்றும் தேடிப் படிக்கும் நூல் அது. மலேரியாவைக் கொசுவே பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் 1897இல் செகந்திராபாதில் கண்டறிய இன்னும் ஒரு நூற்றாண்டு இருந்தது. உவர்நீரில் பெருகும் ஒருவகை அனாபிலிஸ் கொசுவுக்கு நங்கவுரியின் கழிமுகங்கள் ஏற்ற இடம் என்பதை அறியாமலேயே அவர்கள் அங்கே வீடு கட்டினர். தன்னையே நோயிலிருந்து காத்துக்கொள்ள முடியாத சபையால் பிறரைக் காக்க இயலவில்லை. அவர்கள் விட்டுச்சென்றவை கல்லறைகளும் அந்தக் கடிதங்களும்தாம்.

இரண்டாவது முயற்சி வடக்கே, தட்டையான பவளத் தீவாகிய கார் நிகோபாரில், ஒரு தமிழரால் தொடங்கப்பட்டது. ஆங்கிலிக்கன் உபதேசியாரான வேதப்பன் சாலமோன் 1890களின் நடுவில் அரசின் முகவராகவும் அங்கே அமர்த்தப்பட்டு, மூஸ் கிராமத்தில் பள்ளி நடத்தினார். உபதேசியார் என்பவர் குருப்பட்டம் பெறாமல் ஊரில் தங்கி வேதம் கற்பிப்பவர்; தென்தமிழகத்துக் கிராமச் சபைகளை நிலைநிறுத்தியவர்கள் இத்தகையோரே. அங்கே உருவான அந்த முறையைச் சாலமோன் கடல் கடந்து கொண்டுசென்றார். அவர் எழுதிவந்த நாட்குறிப்பின் பகுதிகள் 1902இல் இலண்டன் மானிடவியல் நிறுவனத்தின் ஆய்விதழில் அச்சாயின. நோய், சாவு, விருந்து, சடங்கு ஆகியவற்றை நாள்வாரியாகக் காட்டும் அரிய ஆவணம் அது.

அன்றைய கார் நிகோபாரில் உடல்நலம் பற்றிய அக்கறை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு கிராமத்துக்கும் கடலோரத்தில் 'எல்பானம்' எனப்படும் பொதுவிடம் இருந்தது. பிள்ளைப்பேற்றுக்கென ஒரு வீடும், இறக்கும் தறுவாயில் இருப்போருக்கென ஒரு வீடும் அங்கே தனித்தனியே அமைந்திருந்தன. நிலத்தையும் தென்னையையும் பன்றியையும் பொதுவில் வைத்துக்கொண்டு வாழும் 'துகேத்' என்ற கூட்டுக் குடும்பம், தன் நோயாளியையும் முதியவரையும் தானே பேணியது. குறை வேறோரிடத்தில் இருந்தது. நோயும் சாவும் தீய ஆவிகளால் வருபவை எனக் கருதப்பட்டதால், ஆவிகளைக் காணவல்லவராக மதிக்கப்பட்ட 'தமிலுவானா' என்ற சடங்கு மருத்துவரையே மக்கள் நாடினர். சாவுகள் அடுத்தடுத்து நிகழும்போது, அவற்றுக்குக் காரணமான ஆவி குடிகொண்டவர் என ஒருவர்மீது ஐயம் விழுந்தால், ஊரார் கூடி அவரைக் கொன்றுவிடுவதும் உண்டு. ஆங்கிலேய அதிகாரிகள் இதனைப் 'பேய்க்கொலை' என்று பதிவு செய்தனர். கொலையாளிகள் இதைக் குற்றமாகக் கருதவில்லை. ஊரின் நலனுக்கான செயல் என்றே நம்பினர். இந்த நம்பிக்கையைக் கருத்தில் கொள்ளாமல் சபையின் பங்களிப்பை மதிப்பிட முடியாது. தண்டனையை அரசால் விதிக்க முடிந்தது. சாவுக்குக் காரணம் அண்டைவீட்டு மனிதரல்லர் என்ற புதிய விளக்கத்தை, அவர்களோடு வாழ்ந்து அவர்கள் மொழியில் பேசிய பள்ளியும் சபையுமே மெல்ல மெல்ல வேரூன்றச் செய்தன. நோயாளியைக் கண்டு அஞ்சாத, நோய்க்காக எவரையும் பழிக்காத ஒரு கூட்டம் உருவாவது எந்த மருந்துக்கும் முந்திய உடல்நலப் பணி என்பதற்கு இதைவிட வலுவான சான்று கிடைப்பது கடினம்.

சாலமோனின் மாணவரே அந்த மாற்றத்தை நிறைவுசெய்தார். மூஸைச் சேர்ந்த சிறுவனாயிருந்த ஜான் ரிச்சர்ட்சன், சாலமோன் வழியாகப் பர்மாவுக்கு அனுப்பப்பட்டு மாண்டலே மிஷன் பள்ளியில் பயின்று, ஊர் திரும்பி ஆசிரியரானார். புதிய ஏற்பாட்டைக் கார் நிகோபாரி மொழியில் பெயர்த்த அவருடைய உழைப்பு சமயத் தேவைக்காகச் செய்யப்பட்டதே. எனினும் ஓலைக்கூரையின் கீழ் வாசிக்கக் கற்ற ஒரு தலைமுறைக்கு, பின்னாளில் சுகாதாரச் செய்திகளையும் தன் மொழியிலேயே வாசிக்கும் திறனை அது அளித்தது. தீவில் கால்பந்தைப் பரப்பியவராகவும் அவர் நினைவுகூரப்படுகிறார். படகுப் போட்டியிலும் மற்போரிலும் முன்பே தேர்ந்த மக்களிடம் அந்த ஆட்டம் இயல்பாகவே பரவியது. விளையாட்டுத் திடலும் ஆலயமும் ஒரே சபையின் கவனத்தில் இருந்தன.

1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆக்கிரமிப்பில் பல நிகோபாரிகள் உளவாளிகள் எனக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சித்திரவதை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டனர். ரிச்சர்ட்சனும் கொடுமைகளுக்கு ஆளாகி உயிர்தப்பினார். கார் நிகோபாரின் பெரும்பான்மையோர் கிறிஸ்தவத்தைத் தழுவியது அந்த ஆக்கிரமிப்புக்குப் பிந்திய ஆண்டுகளில்தான். அதே காலத்தில், 1947 இறுதியில், இளம்பிள்ளைவாதம் நிகோபார்த் தீவுகளில் கொள்ளைநோயாகப் பரவி, மக்கள்தொகையோடு ஒப்பிடுகையில் மிகப் பெரும் எண்ணிக்கையினரை முடமாக்கியது. தடுப்பூசி பிறக்காத காலம் அது. ரிச்சர்ட்சன் 1950இல் பேராயராக அருட்பொழிவு பெற்று, 1952இல் தீவுகளின் முதல் பிரதிநிதியாக மக்களவைக்கு நியமிக்கப்பட்டார். கார் நிகோபாரின் அரசு மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சபை நடத்தாத ஒரு மருத்துவமனைக்கு அரசே ஒரு பேராயரின் பெயரைச் சூட்டியிருப்பது, மருத்துவமும் சபையும் அங்கே பிரிந்து பார்க்கப்படவில்லை என்பதைக் காட்டுகிறது.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாளான ஞாயிறு காலையில், கடலோரத்தை ஒட்டியிருந்த கார் நிகோபார் கிராமங்களை ஆழிப்பேரலை அழித்தது. அந்தமான் நிகோபார்த் தீவுகள் முழுவதிலுமாக இறந்தோரும் காணாமற்போனோரும் 3,000 பேருக்கும் அதிகம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நிகோபார் மாவட்டத்தவர். பெங்களூரு தேசிய மனநல மற்றும் நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸின் மருத்துவக் குழுவினர் தீவுகளில் பணியாற்றி வெளியிட்ட ஆய்வுகள், இடம்பெயர்ந்தோரிடையே மனநலக் கோளாறுகள் கூடுதலாக இருந்ததைப் பதிவுசெய்தன. தொடக்க காலத்தில் மக்கள் மீண்டெழ உதவியவையாக ஒற்றுமை குலையாத சமூகம், குடும்ப அமைப்பு, தலைவர்களின் தன்னலமற்ற உழைப்பு, சமய நம்பிக்கை ஆகியவற்றை அவை குறிப்பிட்டன. 'கேப்டன்' எனப்படும் கிராமத் தலைவரும் துகேத்தும் சபையும் கார் நிகோபாரில் ஒரே மக்களின் மூன்று முகங்கள் என்பதை அறிந்தோர்க்கு இம்முடிவு வியப்பளிக்காது. துக்கத்தைத் தனியொருவரின் சுமையாக விடாத ஒரு கூட்டம் அங்கே முன்பே இருந்தது. மருத்துவர்கள் அதன் வழியாகப் பணியாற்றினர்.

மீட்சிக்குப் பின் வந்த நோய்கள் வேறு வகையானவை. கடலோரத்தை விட்டு உள்நாட்டுக்குக் குடிபெயர்ந்த மக்களிடம் நிவாரணமாக வந்த அரிசியும் சர்க்கரையும் எண்ணெயும் நிலைத்துவிட, தாழைப்பழமும் தேங்காயும் மீனும் சேர்ந்த பழைய உணவு பின்னுக்குச் சென்றது. இழப்பீடு தனித்தனிக் குடும்பங்களுக்கு வழங்கப்பட்டதால் துகேத்தின் பிணைப்பும் தளர்ந்தது. வயதுவந்த நிகோபாரிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதைப் பின்னர் நடந்த ஆய்வு காட்டியது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு விருந்துகளின் பந்தியில் என்ன பரிமாறப்படுகிறது என்பது இதனால் மருத்துவக் கேள்வியாகிறது. அந்தப் பந்தியை முறைப்படுத்தும் தகுதி சபைக்கு இருப்பதுபோல் வேறெவருக்கும் இல்லை.

காசநோயின் வரலாறு இன்னும் தெளிவான பாடத்தைத் தருகிறது. 1986இல் கார் நிகோபாரில் கணக்கெடுப்பு நடத்தித் தீவிரக் கட்டுப்பாட்டுத் திட்டம் செயற்படுத்தப்பட்டது. சளியில் கிருமி காணப்பட்ட நோயாளிகள் அப்போது ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 410 பேர். 15 ஆண்டுகள் கழித்து மீண்டும் கணக்கெடுத்தபோது அந்த விகிதம் 730ஐ நெருங்கியிருந்தது. திட்டத்துக்கு முடிவுத் தேதி உண்டு, ஊழியர்க்கு இடமாற்றம் உண்டு. மூஸ், அரோங், சவாய் ஆகிய கிராமங்களில் ஞாயிறுதோறும் கூடும் சபைக்கு அவ்விரண்டும் இல்லை. காசநோய்க்கான வழக்கமான சிகிச்சைக் காலம் 6 மாதம், அதாவது 26 ஞாயிறுகள். மருந்தை இடையில் நிறுத்திய ஒருவரின் இருக்கை காலியாக இருப்பதை முதலில் காண்பவர் அவருக்கு அருகில் அமர்ந்து பாடும் சபையாரே.