வேகக் காருக்குப் பின்: கொங்கு வட்டாரத்தில் அடுத்த வண்டியின் வரலாறு

ஆசையாக ஓட்டிய ஸ்போர்ட்ஸ் காரை விட்ட பிறகு எதை ஓட்டுவது என்ற கேள்வி, கோவை–திருப்பூர் வட்டாரத்தின் மோட்டார் வரலாற்றில் தலைமுறைதோறும் எழுந்திருக்கிறது. இறக்குமதி அடைபட்ட காலத்தில் ஒரு விதமாகவும், சந்தை திறந்த காலத்தில் வேறு விதமாகவும் அது எழுந்தது. இரண்டு காலத்திலும் இந்த வட்டாரம் தந்த சிறந்த விடைகள் பட்டறையில் பிறந்தவை: கையில் கிடைத்த சிறிய எஞ்சினை எடுத்து, அதைச் சுற்றி ஒரு வண்டியைத் தாமே கட்டுவது. அந்த வழக்கம் எப்படித் தோன்றியது, யாரை உருவாக்கியது, இன்று எங்கே நிற்கிறது என்பதே இந்த வரலாறு.

மில், லேத்து, மோட்டார்

1920இல் ஜி.டி. நாயுடு ஒரே ஒரு பேருந்துடன் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே சேவையைத் தொடங்கினார். உடுமலை, மடத்துக்குளம் வழியாகச் செல்லும் பாதை அது. அவர் பிறந்த கலங்கல் கிராமம் சூலூர் அருகே இருக்கிறது.

நாயுடுவின் இளமைக் கதை இந்த வட்டாரத்தின் பழக்கத்தை முன்கூட்டியே காட்டுகிறது. ஆங்கில அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கிய அவர், உழைத்துப் பணம் சேர்த்து அதை விலைக்கு வாங்கினார். வாங்கியதும் அக்கக்காகப் பிரித்து, அது எப்படி இயங்குகிறது என்று கற்றுக்கொண்டார். ஓட்டுவதும் பிரிப்பதும் அவருக்கு ஒரே ஆசையின் இரண்டு பகுதிகளாக இருந்தன. பின்னாளில் அவருடைய யுனைடெட் மோட்டார் சர்வீஸ் தென்னிந்தியாவின் பெரிய பேருந்து நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. 1937இல் எல்.ஜி. பாலகிருஷ்ணன் அண்டு பிரதர்ஸ் (எல்.ஜி.பி.) நிறுவனமும் போக்குவரத்துத் தொழிலாகவே தொடங்கியது. பிற்காலத்தில் அது சங்கிலிகள் செய்யும் தொழிற்சாலையாக மாறி, ‘ரோலான்’ என்ற பெயரில் இரு சக்கர வண்டிகளுக்குச் சங்கிலி வழங்கியது.

இதற்கெல்லாம் அடித்தளம் இட்டவை பஞ்சாலைகள். கோவையின் முதல் நூற்பாலை 1888இல் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயரின் முயற்சியில் வந்தது. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் கிடைத்ததும் ஆலைகள் பெருகின. ஆலைக்குக் கதிர், பல்சக்கரம், வார்ப்பு உதிரிகள் வேண்டும். கிணற்றுக்குப் பம்ப் வேண்டும். அவற்றைச் செய்ய லேத்துப் பட்டறைகளும் ஃபவுண்டரிகளும் தெருவுக்குத் தெரு முளைத்தன. 1937இல் நாயுடுவும் டி. பாலசுந்தரமும் இந்தியாவில் முதன்முதலாக மின்மோட்டார் செய்ததும் இந்தச் சூழலில்தான். உடைந்த உதிரியை வெளிநாட்டுக்கு எழுதிப் போட்டு மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட, மாதிரியைப் பார்த்து இங்கேயே கடைந்தெடுப்பது எளிது என்பது ஆலை முதலாளிக்கும் தெரியும், பட்டறைக்காரருக்கும் தெரியும். பிறகு பந்தய ஆர்வலர்களுக்குக் கைகொடுத்தது இந்த அறிவுதான்.

கதவு அடைபட்ட காலம்

விடுதலைக்குப் பிந்தைய முதல் ஆண்டுகளில் இந்தியாவில் வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் ஓடின. 1948இல் வெளிவந்த ஜாகுவார் எக்ஸ்கே 120 மணிக்கு 120 மைல் செல்லக்கூடியது. 3.4 லிட்டர் கொள்ளளவுள்ள அதன் எஞ்சின் 160 குதிரைத்திறன் தந்தது. இத்தகைய கார்கள் மன்னர் குடும்பங்களிடமும் பெரும் தொழிலதிபர்களிடமும் இருந்தன.

1953இல் நிலைமை மாறியது. உள்நாட்டிலேயே படிப்படியாகக் காரை உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத நிறுவனங்கள், பாகங்களை வரவழைத்துப் பூட்டி விற்பது இனி இயலாது என்று அரசு முடிவெடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் இந்தியாவை விட்டு வெளியேறின. அதன் பிறகு சாதாரண வாங்குபவருக்கு எஞ்சியவை மூன்று பெயர்கள்: கல்கத்தா அருகே செய்யப்பட்ட அம்பாசிடர், பம்பாயில் செய்யப்பட்ட ஃபியட் 1100, சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் செய்த ஹெரால்டு. அம்பாசிடரின் எஞ்சின் 1,489 சி.சி., ஃபியட்டுடையது 1,089 சி.சி., ஹெரால்டுடையது 948 சி.சி. மூன்றும் குடும்பத்தை ஏற்றிச் செல்லச் செய்யப்பட்டவை. இவற்றுக்கும் பதிவு செய்துவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

வேகக் காரை ஏற்கெனவே வைத்திருந்தவர்களின் நிலையும் இலகுவாக இல்லை. அதற்கேற்ற டயர் உள்நாட்டில் கிடைக்காது. உதிரிகளுக்கு இறக்குமதி உரிமம் வேண்டும். கிடைத்த பெட்ரோலின் ஆக்டேன் குறைவு என்பதால், அழுத்த விகிதம் கூடிய எஞ்சின்கள் தட்டின. 1973இன் எண்ணெய் நெருக்கடி பெட்ரோல் விலையையும் உயர்த்தியது. விரும்பிய காரை ஷெட்டில் நிறுத்திவிட்டு அம்பாசிடரில் போவதா, அல்லது வேறு வழி தேடுவதா என்பது அன்றைய உண்மையான கேள்வி.

சோழவரமும் ‘ஸ்பெஷல்’களும்

வேறு வழி தேடியவர்கள் கூடிய இடம் சோழவரம். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைத்த விமான ஓடுபாதை அது. 1953இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. கல்கத்தா, பம்பாய், பெங்களூர், கோவை எனப் பல ஊர்களிலிருந்தும் வண்டிகள் வந்தன. கோண்டல் மன்னர் ஜாகுவாரில் வந்தார். 1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா என்சைன் என்ற பழைய ஃபார்முலா 1 காரைக் கொண்டுவந்து ஓட்டினார்.

அத்தகைய வண்டிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. களத்தின் பெரும்பகுதியை நிரப்பியவை ‘ஸ்பெஷல்’ என்று அழைக்கப்பட்ட, வீட்டிலும் பட்டறையிலும் கட்டிய வண்டிகள். ஃபியட்டோ ஹெரால்டோ வாங்கி, கனமான உடலைக் கழற்றி எடை குறைப்பார்கள். சிலிண்டர் ஹெட்டைத் தேய்த்து அழுத்த விகிதத்தைக் கூட்டுவார்கள். காற்றும் பெட்ரோலும் தடையின்றிப் போக உள்வழிகளைக் கடைந்து மெருகேற்றுவார்கள். வால்வு இன்னும் அதிக நேரம் திறந்திருக்கும்படி கேம்ஷாஃப்ட்டைத் திருத்துவார்கள். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டைப் பூட்டுவார்கள். ஹெரால்டுக்குத் தனிச் சட்டகம் இருந்ததால் அதன் மேல் புதிய உடலை அமைப்பது எளிதாக இருந்தது.

இந்த வேலைகள் ஒவ்வொன்றும் கோவைப் பட்டறைகளுக்குப் பழகியவை. பம்ப் செட்டுக்கும் நூற்பாலை இயந்திரத்துக்கும் நுட்பமாகக் கடைந்த கைகள், கேம்ஷாஃப்ட்டையும் கடைந்தன. ராலி பந்தயங்களிலும் உள்நாட்டுக் கார்களே ஓடின. கோவையைச் சேர்ந்த ஜி.ஆர். கார்த்திகேயன் தேசிய ராலி சாம்பியனாகி, தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்றார். நல்ல வண்டி இல்லாததால் திறமை குன்றிவிடவில்லை என்பதற்கு அவருடைய வெற்றிகள் சான்று.

கரிவர்தன் தந்த விடை

‘ஸ்பெஷல்’ வழக்கத்துக்கு ஒரு குறை இருந்தது. ஒவ்வொரு வண்டியும் ஒரு மாதிரி. பணமும் பட்டறையும் உள்ளவரே முன்னே போவார். ஓட்டுநரின் திறமையைத் தனியாக அளக்க முடியாது. இந்தக் குறையைத் தீர்த்தவர் எஸ். கரிவர்தன். 1954இல் பிறந்த அவர் கோவையின் நூற்பாலைக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். தாமே பந்தய ஓட்டுநர், தாமே வண்டி வடிவமைப்பாளர்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், நாற்பதுக்கும் குறைவான குதிரைத்திறன். வேகக் காரை ஓட்டிப் பழகியவருக்கு அது சிறிய வண்டி. கரிவர்தன் அதில் வேறொன்றைக் கண்டார். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே தொகுப்பாக முன்சக்கரங்களுக்கு மேல் குறுக்காக இருந்தன. அந்தத் தொகுப்பை அப்படியே எடுத்து ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தால் பின்சக்கரங்கள் இயங்கும். ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் தயாராகிவிடும். எஃகுக் குழாய்ச் சட்டகமும் இலேசான கண்ணாடி இழை உடலும் சேர்ந்தால் போதும். உதிரிகள் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். இப்படி 1980களின் இறுதியில் உருவானதுதான் ஃபார்முலா மாருதி.

இதன் பயன் இரண்டு. ஒரு பந்தயக் காரின் விலை பல மடங்கு இறங்கியது. எல்லா வண்டிகளும் ஒரே மாதிரி இருந்ததால், முந்துபவர் தம் திறமையால் முந்தினார். 1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. நீளமுள்ள நிரந்தரப் பந்தயத் தடம் வந்தபோது, அதில் புதியவர்கள் ஓட்டிப் பழகிய வண்டி இதுவே.

1995 ஆகஸ்டில் கரிவர்தன் விமான விபத்தில் இறந்தார். அவர் தொடங்கிய வேலையை எல்.ஜி.பி. நிறுவனத்தின் பி. விஜயகுமார் ஏற்றுத் தொடர்ந்தார். எல்.ஜி.பி. பெயரில் அடுத்தடுத்த ஒற்றை இருக்கைக் கார் வகைகள் வந்தன, எல்.ஜி.பி. ஃபார்முலா 4 தேசியப் போட்டிகளில் நிலைபெற்றது. 2003இல் கோவைக்குத் தெற்கே செட்டிபாளையத்தில் 2.1 கி.மீ. நீளத்தில் ஒரு தடம் திறக்கப்பட்டது. அதற்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயரிட்டார்கள்.

சிறிய காரிலிருந்து ஃபார்முலா 1

கரிவர்தனின் சிறிய காரின் வலிமையை உலகம் கண்டது நரேன் கார்த்திகேயன் மூலம். ஜி.ஆர். கார்த்திகேயனின் மகனான அவர், தம் முதல் பந்தயத்தை ஸ்ரீபெரும்புதூரில் ஃபார்முலா மாருதியில் ஓட்டி, முதல் மூவரில் ஒருவராக வந்தார். 1992இல் பிரான்சின் எல்ஃப் வின்ஃபீல்டு பள்ளியில் பயின்றார். 1996இல் ஃபார்முலா ஆசியா பட்டத்தை வென்றார். 2005இல் ஜோர்டன் அணியில் சேர்ந்து ஃபார்முலா 1இல் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அந்த ஆண்டு அமெரிக்கப் போட்டியில், டயர் சிக்கலால் ஆறு கார்களே ஓடிய பந்தயத்தில், நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார்.

உலகின் மிக வேகமான வகைக் காரை ஓட்டிய பின் அவர் எதை ஓட்டினார் என்பதும் இந்த வரலாற்றுக்கு உரியதே. ஏ1 ஜிபி, அமெரிக்காவின் நாஸ்கார் டிரக், மீண்டும் 2011, 2012இல் எச்ஆர்டி அணியின் ஃபார்முலா 1 கார், பிறகு ஜப்பானின் சூப்பர் ஃபார்முலா, 2019இல் சூப்பர் ஜிடி என்று அவர் இடைவிடாமல் வண்டி மாற்றிக்கொண்டே இருந்தார். 2020இல் கோவையில் டிரைவ்எக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பயன்படுத்திய இரு சக்கர வண்டிகளைச் சீரமைத்து விற்பது அதன் தொழில். 2022இல் டிவிஎஸ் மோட்டார் அதில் பங்கு வாங்கியது. பழைய வண்டியைப் பிரித்துச் சரிசெய்து இன்னொருவர் கையில் கொடுக்கும் அந்த வேலை, ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பிரித்த ஜி.டி. நாயுடுவின் வழியிலேயே வருவது.

சந்தை திறந்த பின்

1978இல் இத்தாலிய வணிகர் ஒருவர் திருப்பூர் பனியன் துணிக்கு ஆர்டர் கொடுத்ததிலிருந்து ஏற்றுமதி வளர்ந்தது, வேகக் கார் வாங்கும் வசதியும் இங்கே பெருகியது. 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் அமைந்தது. 1991இன் பொருளாதாரத் திருப்பமும் 2001 ஏப்ரலில் இறக்குமதி அளவுக் கட்டுப்பாடு நீங்கியதும் வெளிநாட்டுக் கார்களை மீண்டும் கொண்டுவந்தன. ஆனாலும் தடைகள் இருந்தன. பழைய கார் என்றால் மூன்று ஆண்டுக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது என்ற விதி இருந்தது. விலை உயர்ந்த புதிய காருக்குச் சுங்க வரி 2013இல் 100 விழுக்காடாக உயர்ந்தது. பனியன் தொழிலின் வருமானமும் நிலையானதல்ல. 2011 ஜனவரியில் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது தொழில் முழுவதும் ஆட்டம் கண்டது. ஆகவே வேகக் காருக்குப் பின் என்ன என்பது இங்கே ரசனை மட்டும் சார்ந்ததாக இருந்ததில்லை. ஆர்டர், வரி, சாலை ஆகியவற்றையும் சார்ந்தது.

கோவையிலிருந்தே இதற்கு ஒரு நவீன விடையும் வந்தது. பந்தய வீரர் ஜே. ஆனந்தின் ஜேயெம் ஆட்டோமோட்டிவ்ஸ், டாடா மோட்டார்ஸுடன் 2017இல் கூட்டு நிறுவனம் அமைத்தது. 2018 அக்டோபரில் டியாகோ ஜேடிபி, டிகோர் ஜேடிபி ஆகிய கார்கள் வெளிவந்தன. அன்றாடம் ஓட்டும் சிறு காரில் 1.2 லிட்டர் டர்போ எஞ்சினைப் பொருத்தி, சஸ்பென்ஷனைத் திருத்தி, சுமார் 6.4 லட்ச ரூபாயிலிருந்து விற்றார்கள். அந்தக் கூட்டு 2020இல் முடிவுக்கு வந்தாலும், கரிவர்தனின் எண்ணம் சாலைக்கும் பொருந்தும் என்பதை அது காட்டியது.

ஓட்ட முடியாமல் போன பழைய கார்களுக்கும் இங்கே இடம் கிடைத்தது. 2015இல் அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடுவின் குடும்பத்தார் கார் அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தனர். பல நாட்டு வண்டிகள் அங்கே காக்கப்படுகின்றன. காதலித்த காரை விற்றுவிடுவது, நிறுத்திவைப்பது என்ற இரண்டோடு, ஊரே பார்க்கக் கொடுப்பது என்ற மூன்றாவது வழியையும் அது சேர்த்தது.

கட்டும் பழக்கம் இப்போது கல்லூரிகளிடம் சென்றிருக்கிறது. கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு நாடெங்கிலும் இருந்து பொறியியல் மாணவர்கள் தாங்களே வடிவமைத்துக் கட்டிய வண்டிகளுடன் வருகிறார்கள். பெட்ரோல் எஞ்சின் வண்டிகளோடு மின்சார வண்டிகளும் போட்டியிடுகின்றன. வேகம் மட்டும் அங்கே மதிப்பெண் பெறாது. வடிவமைப்பு, செலவுக் கணக்கு ஆகியவையும் நடுவர் முன் விளக்கப்பட வேண்டும். இறக்குமதி அடைபட்ட நாளில் வேறு வழியின்றித் தொடங்கிய வேலை, எல்லாக் கார்களும் கடையில் கிடைக்கும் இந்நாளில் விரும்பிக் கற்கும் கல்வியாகிவிட்டது.