வீட்டு வாடகையா... பேங்க் வட்டியா? ரிடையர் ஆனவர்களுக்கு எது லாபம்?

சென்னை:
ரிடையர் ஆன கையோடு பல வீடுகளில் கிளம்பும் பஞ்சாயத்து இது. வாடகைக்கு விட்ட வீட்டை வச்சுக்கலாமா, வித்துட்டு பணத்தை போஸ்ட் ஆபீஸ், பேங்கில் போடலாமா? 'சொத்தை விக்கக் கூடாது' என்பார் மனைவி. 'வித்துட்டு நிம்மதியா இருங்க' என்பான் வெளியூர் மகன். முடிவு எடுக்கும் முன் பேப்பர், பேனாவோடு உட்கார்ந்து கணக்கு போட வேண்டும்.

வாடகை கணக்கு

ரூ.60 லட்சம் விலை போகும் பிளாட், மாத வாடகை ரூ.15 ஆயிரம் என்று வைத்துக் கொள்வோம். வருஷத்துக்கு ரூ.1.80 லட்சம். ஆள் மாறும்போது ஒரு மாதம் காலி, சொத்து வரி, பெயிண்ட், மோட்டார் ரிப்பேர் என ரூ.45 ஆயிரம் போனால் கையில் நிற்பது ரூ.1.35 லட்சம். வீட்டு விலையில் இது இரண்டே கால் சதவீதம்தான்!

விற்றால்...

இதே பிளாட்டை 2004-05ல் ரூ.10 லட்சத்துக்கு வாங்கி, 2025-26ல் விற்றதாக கணக்கு போடலாம். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீட்டுக்கு இரண்டு வழியில் வரி கணக்கிடலாம். லாபத்தில் 12.5 சதவீதம் ஒன்று. வாங்கிய விலையை விலைவாசிக் குறியீட்டின்படி ஏற்றிக் காட்டி, மீதி லாபத்தில் 20 சதவீதம் இன்னொன்று. செஸ் சேர்த்து முதல் வழியில் ரூ.6.50 லட்சம், இரண்டாவதில் சுமார் ரூ.5.56 லட்சம். குறைவானதைக் கட்டினால் போதும்.

வரி, புரோக்கர் கமிஷன் போக ரூ.53 லட்சம் மிஞ்சும். 60 வயதானவர்கள் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ரூ.30 லட்சம் வரை போடலாம். 2023ல் அறிவித்த 8.2 சதவீத வட்டிப்படி வருஷத்துக்கு ரூ.2.46 லட்சம். மீதியை 6.5 சதவீத பேங்க் டெபாசிட்டில் போட்டால் இன்னும் ஒன்றரை லட்சம். மொத்தம் கிட்டத்தட்ட ரூ.4 லட்சம். வாடகையைப் போல மூணு மடங்கு!

இதிலும் சிக்கல் உண்டு

வட்டி முழுவதும் வருமானக் கணக்கில் சேரும். வாடகைக்கோ சொத்து வரி போக 30 சதவீதக் கழிவு உண்டு. வாடகை ஏறும், மனை விலையும் ஏறும். டெபாசிட்டில் போட்ட அசல் அப்படியே இருக்கும். 20 வருஷம் கழித்து அதே ரூ.53 லட்சத்துக்கு என்ன மதிப்பு இருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

ஆனால் ஆஸ்பத்திரி செலவு வந்தால் ஒரு ரூமை மட்டும் வித்து பில் கட்ட முடியாது. வில்லங்கம் பார்த்து, ஆள் பிடித்து, பத்திரம் முடிக்க மாதக் கணக்கில் ஆகும்.

யார் விற்கலாம்?

பென்ஷன் வருகிறது, வீடு பக்கத்திலேயே இருக்கிறது, வாடகைதாரர் ஒழுங்காக தருகிறார் என்றால் வச்சுக்கலாம். பென்ஷன் இல்லை, கையிருப்பும் குறைவு, பிளாட் பழசு, போய்ப் பார்க்க ஆளில்லை என்றால் விற்பது நல்லது. குடியிருக்கும் ஒரே வீட்டை மட்டும் விற்கவே கூடாது.

வச்சுக்கிறவர்கள் கவனிக்க: 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழக வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வாங்கிய அட்வான்சை செலவு செய்து விடாமல் தனி டெபாசிட்டாக போட்டு வைத்தால், வீடு காலியாகும்போது கடன் வாங்க ஓட வேண்டாம்.